ஆமை போட்ட சட்டை

அபெனிசா,

மரவள்ளிக்கிழங்கு வெந்து அடுப்பில் இருக்கிறது. மீனைத் தேங்காய்ப்பாலோடு சூடு பண்ணிக்கொள். நேற்றைய சண்டையில் இருவருமே தொடாததுதான், கெடவில்லை.

மத்தியானம் உன் வைசாகே மாமா வருகிறார். இந்த முறை அவருடைய விடுதிச் சுவர் முழுக்க நீ வரைய வேண்டுமாம். கையில் காவா வேர்க்கட்டு இருக்கும். நம் வழக்கப்படி அந்த மரியாதை வேரை நீ வாங்கிக்கொண்டால் கேட்டதற்கெல்லாம் சம்மதித்தாகிவிடும். போன தடவை, "விடுதிப் பெயர்ப்பலகைக்கு ஒரே ஒரு ஆமைடா" என்று அவர் வேரை நீட்டியபோது அப்படித்தான் மாட்டினாய். மேசையில் ஒப்பந்தம் வைத்திருக்கிறேன். முதலில் அவர் கையெழுத்து, பிறகுதான் வேர்.

"சொந்த மாமாகிட்டயே கையெழுத்து கேக்கறதா? மானம் போயிரும்" என்று கத்திவிட்டுப் படுத்துவிட்டாய். நான் சொல்ல வந்ததைக் கேட்கவே இல்லை.

நேற்று சுவா சந்தையில் உன் ஆமை வரிசையாகச் சட்டைகளில் தொங்கியது. "யார் வரைஞ்சது?" என்று கேட்டேன். "விடுதி முதலாளி வைசாகேதான். அவரே சொன்னாரே!" என்றாள் கடைக்காரி.

உன் மனைவி சேருவையா

பி.கு. அதில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வந்தேன். நாற்காலியில் கிடக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு போய் மாமாவுக்குக் கதவைத் திற.