சல்கின் அக்காவின் ஹாரன்

ஆட்பாஷி,
2003 மார்ச் 12

மகள் மிஸ்காலுக்கு,

நீ பார்த்தறியாத தோலோமுஷ் கிழவன் சொல்லி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகமா? ஆடு, மாடு, குதிரை குளிரைத் தாண்டினவா?

ஒரு நாயை விண்ணுக்கு அனுப்பினார்களே, அந்த வருஷம். எங்கள் கூட்டுப் பண்ணைக்கு முதல் மின்சாரக் கத்தரி வந்து, பழகாத கைகள் ரோமத்தோடு ஆட்டுக் காதையும் வெட்டிய வருஷமும் அதுதான். நாய் போவதற்கு ஒரு மாதம் முன்னால், டொலோன் கணவாயில் முதல் பனி விழுந்த நாளைப் பற்றிச் சொல்ல வந்தேன். எனக்கு எழுத்து தெரியாது. எழுதிவைக்காததால் மறக்கவும் முடியவில்லை. நான் சொல்லச் சொல்லத் தபால்காரி புருல் எழுதுகிறாள்.

போன வாரம் வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து சொன்னார்கள். "உப்பு லாரி ஓட்டிய எங்கள் அம்மா சல்கினுக்கு எண்பது வயது" என்று நீ எழுதியதை அவர்கள் படித்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். லாரி ஓட்டிய பெண்கள் வேறு இருந்திருக்கலாம். கோச்கோர் ஊரிலிருந்து உப்பு ஏற்றிய சல்கின் ஒருத்திதான். வானொலிக்காரர்களிடம் கேட்டு உன் முகவரி வாங்கினேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பயங்கரத் திக்குவாய். என் சிநேகிதன் எஷிமும் நானும் பண்ணைக் குதிரைகளை ஆற்றைக் கடத்தும்போது வெள்ளம் அவனை இழுத்துக்கொண்டது. இரண்டாம் நாள் உடல் கிடைத்தது. அவன் அப்பா சாரிபை கணவாய்க்கு அந்தப் பக்கம் மேய்ச்சலில் இருந்தார். அவர் வந்து முகம் பார்க்காமல் மண் தள்ள முடியாது. சாவுச் செய்தியைப் பாட்டாக, சுற்றிவளைத்துச் சொல்வதற்கு மொல்தோபைப் பெரியவரை அனுப்பினார்கள். நான் அவருக்குத் துணை. மலையடிவாரத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. "நீயே போய்ச் சொல்லிடு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

என் பெயரைச் சொல்லவே எனக்கு அரை நாள் ஆகும். குதிரையை அவரிடமே விட்டுவிட்டு நடந்தேன். மகளே, உண்மையைச் சொல்கிறேன், சாரிபையிடம் போவதற்காக நடக்கவில்லை. ஓடிப்போவதற்காக நடந்தேன்.

ஒரு லாரி நின்றது. தலையில் துண்டு, வாயில் சூரியகாந்தி விதை, ஓட்டுகிறவள் ஒரு பெண்.

"என்ன தம்பி, பனியில நின்னு வேர் விடப் போறியா? ஏறு."

ஏறினேன். எங்கே போகிறாய் என்று கேட்டாள். நான் சொல்லி முடிக்க இரண்டு வளைவு ஆனது. அவள் குறுக்கிடவில்லை, எனக்குப் பதிலாக வார்த்தையை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. அதுவரை யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

"ஆட்டுக்குப் பாடுவியா?"

தலையாட்டினேன்.

"அப்போ திக்குமா?"

இல்லை என்று ஆட்டினேன்.

"அப்புறம் என்னடா? நம்ம வழக்கமே பாட்டாச் சொல்றதுதானே. மொல்தோபை தொண்டை மட்டும் தங்கமா? இப்போ நான்தான் சாரிபைன்னு வச்சுக்கோ. பாடு."

ஒரு வரி நான், ஒரு வரி அவள். வளைவுக்கு ஒரு முறை பாடவைத்தாள். "இது செய்தியா, கல்யாணப் பாட்டா? திரும்பப் பாடு" என்று அதட்டினாள். ஏழாவது முறை பாடியபோது வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். துண்டு முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என் புருஷன் செத்ததுக்கு எனக்கு ஒரு காகிதம்தான் வந்தது. தபால்காரன் வாசல்ல போட்டுட்டுப் போயிட்டான். எனக்கு அதைப் பாட ஒரு நாதியில்ல. நீ நல்லாப் பாடுறே. அந்த மனுஷன் குடுத்துவச்சவன்."

குடுத்துவைத்தவன் என்றாள், மகளே. மகனை இழந்தவரை. அது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று.

மேய்ச்சல் தெரிந்த இடத்தில் இறக்கிவிட்டாள். நன்றியைத் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்குமுன் லாரி நகர்ந்துவிட்டது. அன்று முதல் கடையில், கூட்டத்தில், கல்யாணத்தில் நான் பேசியதெல்லாம் அந்த லாரியில் கிடைத்த வாயால்தான். இதை அக்காவுக்குப் படித்துக்காட்டு.

பெருவிரல் ரேகை,
தோலோமுஷ்

•

கோச்கோர்,
2003 ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய தோலோமுஷ் ஐயாவுக்கு,

மிஸ்கால் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தாள். "வேர் விட்ட பையன்! ஒரு கூடை விதையைத் தின்னே தீர்த்தான், அதை எழுதலியே!" என்றாள். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்றாம் முறை, "ஹாரனைப் பத்தி ஏன் எழுதல? என் மனசு நோகும்னு விட்டுட்டான்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவளே சொன்னாள். உங்களை இறக்கிவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும், உங்களுக்குத் தைரியம் வரட்டும் என்று மூன்று முறை நீளமாக ஹாரன் அடித்தாளாம். அடித்த பிறகு கண்ணாடியில் பார்த்தால், ஒரு கிழவர் கையில் புது அங்கியோடு சிரித்துக்கொண்டு ஓடிவருகிறார். அப்போதுதான் உறைத்ததாம். மணப்பெண்ணை ஏற்றிவரும் லாரி அல்லவா அப்படி ஹாரன் அடிக்கும்! நல்ல சேதி கொண்டுவருபவனுக்குப் போர்த்துவதற்கு அல்லவா அந்த அங்கி!

"நின்னிருக்கணும். திரும்பிப் போயிருக்கணும். பயந்து ஓட்டிட்டேன். அந்தப் பையனைத் தேத்தி, கடைசியில நானே குழியில தள்ளிட்டேன்" என்கிறாள்.

ஐயா, நான் சிறுமியாக இருந்தபோது அவளோடு அந்தப் பாதையில் போயிருக்கிறேன். ஆட்டு மந்தை மறித்தால் ஹாரனைத் தொடமாட்டாள். வண்டியை நிறுத்தி, இறங்கிக் கை தட்டி விரட்டுவாள். மற்ற ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். ஓய்வு பெறும்வரை அப்படித்தான். காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது.

குளிர்காலத்திலிருந்து படுக்கையில் இருக்கிறாள். சர்க்கரை பாதாமி மரம் பூக்கும்வரை தாங்கினால் பெரிது என்கிறார் மருத்துவர். அன்று அங்கே என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரிய வேண்டுமாம். இனிப்புத் தடவாமல் எழுதச் சொல்கிறாள். சீக்கிரம் எழுதுங்கள்.

அன்புடன்,
மிஸ்கால்

•

ஆட்பாஷி,
2003 ஏப்ரல் 9

மகள் மிஸ்காலுக்கு,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. புருலை வாசலிலேயே பிடித்து உட்காரவைத்துவிட்டேன். "கிழவா, இன்னும் நாப்பது வீட்டுக்குத் தபால் இருக்கு" என்கிறாள். இருக்கட்டும்.

அக்கா இனிப்பு வேண்டாம் என்றால் இனிப்பு இல்லை. அந்த ஹாரன் கேட்டதும் அவளைச் சபித்தேன். சாரிபை மூச்சிரைக்க வந்து, "எங்கடா எஷிம்? பொண்ணை லாரியிலயே உக்கார வச்சிருக்கானா?" என்று கேட்டுக்கொண்டே, நான் வாய் திறக்குமுன் அங்கியை என் தோளில் போட்டுவிட்டார். எஷிம் அந்த இலையுதிர் காலத்தில்தான் மணப்பெண்ணோடு திரும்புவதாக இருந்தது. ஆறு கூடாரத்து ஜனமும் ஓடிவந்து சுற்றி நின்றது. மணமக்கள் மேலே தூவப் பெண்கள் மிட்டாய் கொண்டுவந்திருந்தார்கள். என் நாக்கு கல்லாகிவிட்டது.

லாரி கண்ணுக்கு மறையும்வரை பார்த்தேன். பிறகு பாடினேன்.

ஆறு யாரையும் கேட்டதில்லை, சாரிபை,
எடுக்கும் நாளில் எடுத்துக்கொள்ளும்.
ஏழு குதிரை கரையேறின, சாரிபை,
எட்டாவது ஏறவில்லை.

ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. மிட்டாய்கள் பனியில் விழுந்தன. சாரிபை சாய்ந்தார். ஆனால் தரையில் விழவில்லை, மகளே. எட்டுக் கைகள் அவரைப் பிடித்துக்கொண்டன.

இதை அக்காவின் காதோடு வாய் வைத்துச் சொல். சாவுச் செய்தி சொல்லுமுன் ஊரைக் கூட்ட வேண்டும், அதுதான் முறை. மொல்தோபை வந்திருந்தால் கூடாரம் கூடாரமாய்ப் போய் மெல்ல அழைத்து வந்திருப்பார். அக்கா எனக்குப் பாடக் கற்றுக்கொடுத்தாள், கூட்டக் கற்றுக்கொடுக்க மறந்துவிட்டாள். எனக்கும் தோன்றவில்லை. ஹாரன் இல்லாவிட்டால் நான் நேரே அந்த மனுஷனின் கூடாரத்துக்குள் போய், தனியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் பாடியிருப்பேன். அவருக்கு இதயம் பலவீனம். பிடிக்க என் இரண்டு கைதான் இருந்திருக்கும்.

அங்கியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தேன். அழுதுகொண்டிருந்தவர் என் கையைத் தட்டிவிட்டார். "போட்டுக்கோ. சேதிதான் கெட்டது. கொண்டுவந்தவன் கெட்டவன் இல்ல." அன்றே என்னோடு கணவாய் தாண்டினார். மகன் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தார். ஹாரன் அடித்தவளைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். "பாவம், அவ நல்லதுக்கு அடிச்சா" என்றார். அவர் வாயிலிருந்து வந்த சொல் இது, என் சொல் இல்லை.

பெருவிரல் வைத்தாயிற்று. புருல் கடிதத்தை மடிக்கிறாள், கொஞ்சம் இரு என்கிறேன்.

அன்று சாரிபையைப் பிடித்தவர்கள் நான்கு பேர். வலப்பக்கம் அவர் தம்பி ஜோல்தோஷ், போய்விட்டார். முதுகுப்பக்கம் மாமன் மகன் கோசுபை, அவரும் போய்விட்டார். கால் பக்கம் பக்கத்துக் கூடாரத்து துர்தூ, போன குளிர்காலத்தில் போனாள். இடப்பக்கம் எஷிமின் தங்கை. அப்போது பதினாறு வயது, மிட்டாய்த் தட்டைப் போட்டுவிட்டு அப்பாவைப் பிடித்தவள். நான் ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று அக்கா நினைத்தால், அவளையே கேட்கட்டும். சனிக்கிழமைப் பஸ்ஸில் கூட்டிவருகிறேன். இந்தக் கடிதம் முந்தினால் படித்துக்காட்டு, பிந்தினால் நாங்களே அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்போம். கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருஷமாக எஷிமின் தங்கை என் வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது உள்ளே பயணத்துக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் பெயர் கன்ஷாய்.