இடது பக்கம்

என்னங்க,

பக்கத்துக் கட்டில்காரர் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். அதனால் நேரில் கேட்க வேண்டியதை எழுதி, பிளாஸ்க் அடியில் வைத்துவிட்டுப் போகிறேன்.

அந்தப் பிசியோதெரபி பெண் உங்கள் இடது கால் கட்டைவிரலைப் பிடித்து அசைத்து, "கண்ணை மூடிக்கோங்க சார். விரல் மேல போகுதா, கீழயா?" என்று கேட்டால், ஒவ்வொரு தடவையும் யோசித்து எவ்வளவு பணிவாகப் பதில் சொல்கிறீர்கள். பத்துக்கு ஆறு தப்பு. அதற்கும் அவள் "சூப்பர் சார்" என்கிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்ட எதற்காவது இப்படி யோசித்துப் பதில் சொல்லியிருக்கிறீர்களா?

அதையும் பொறுத்துக்கொண்டேன். இன்று காலை உங்களைப் பாதம் சேர்த்து நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவள். இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றோம். நீங்கள் லேசாக ஆடிவிட்டு, நேராக அவள் தோளில் போய்ச் சாய்ந்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராந்தாவில் அவளை நிறுத்திக் கேட்டே விட்டேன். "அதென்ன, தினமும் நீயே அந்தப் பக்கம் நிக்கிற?"

அவள் சிரிக்கவில்லை. "அக்கா, பக்கவாதம் வந்ததுல இடது கால் எங்க இருக்குன்னு அவர் கண்ணால பாத்தாதான் அவருக்கே தெரியும். கண்ணை மூடினா அந்தப் பக்கம்தான் விழுவார். அதான் நிக்கிறேன்."

எப்படிப் பிடிப்பதென்று கற்றுக்கொண்டுதான் அவளை விட்டேன். நாளை முதல் அவள் வலப்பக்கம். நீங்கள் தைரியமாக விழலாம்.

இப்படிக்கு,
இன்றுவரை பக்கம் மாறி நின்றவள்