பெயரறியா மரத்துக்குத் தீ வையாதிருக்க விடுத்த ஓலை

வெண்குன்ற நாடாளும் மாநிலமாதேவியாரின் திருவுள்ளப்படி, பேரமைச்சர் ஆதன் நெடுங்கோ, சங்குத்துறைக் கோட்டைத் தலைவர் எயினன் பூதனாருக்கு விடுத்த ஓலை. தம் மதில் நிலைத்திருக்க. தம் துறையில் கலங்கள் பெருக. தம் வீரரின் கண்ணொளி மங்காதிருக்க.

கோட்டை மதிலடியில் பெயர் தெரியாத மரமொன்று வளர்ந்து நிற்பதாகவும், அதை எரித்தழிக்க ஆணை வேண்டுமென்றும் தாம் எழுதியது கிடைத்தது. விடை கூறுமுன், முள்ளிக்கழிக் கோட்டையில் நம் தளபதி மள்ளன் காரிக்கு நேர்ந்ததைத் தாம் அறிதல் வேண்டும்.

காரி தம்மைப் போலவே மலைநாட்டில் பிறந்தவர். வேங்கையும் தேக்கும் அறிவாரேயன்றிக் கழிக்கரை மரம் எதுவும் அறியார். கோட்டையை வென்று உட்புகுந்தது முதல் அவருக்கு யார்மேலும் நம்பிக்கையில்லை. சோற்றைச் சமைத்தவனே முதற்கவளம் உண்ண வேண்டும். நீரை இறைத்தவனே முதலில் பருக வேண்டும். தோற்றோடிய மன்னன் படகுகளோடு கழிக்குள் எங்கோ மறைந்திருந்தான். அவன் மீண்டு வரக்கூடிய வழி நீர்வாயில். அதன் கதவோ மூடவில்லை. மதிற்கல்லின் வெடிப்பில் வேரூன்றிய மரமொன்று கதவுக்குக் குறுக்கே பருத்து நின்றது. இதைத் திட்டமிட்டே வளர்த்திருக்கிறார்கள் என்று காரி எண்ணினார்.

இரு வீரர் கோடரியோடு சென்றனர். சில வெட்டுகளிலேயே வெண்பால் தெறித்து முகத்தில் விழுந்தது. இருவர் கண்ணும் வீங்கி மூடிக்கொள்ள, ஒருவர் தோளை ஒருவர் பற்றித் தடவியபடி வந்தனர். காரி துறையின் படகோட்டிகளைப் பிடித்து, ஒருவர் சொல் மற்றவர் செவியில் விழாதபடி தனித்தனியே நிறுத்தி மரத்தின் பெயரைக் கேட்டார். தெரியாது என்றே எல்லாரும் சொன்னார்கள். பெயரைச் சொன்னவன்மேல் நட்டவன் என்ற பழி விழும் என்ற அச்சம் அவர்களுக்கு. எல்லாரும் ஒன்றே சொல்வதுதான் சதிக்குச் சான்று என்று காரி அவர்களைச் சிறையிலிட்டார்.

அப்போது, காவலில் இருந்த கொற்றி நங்கை, தோற்ற மன்னனின் தங்கை, ஆள் விட்டுச் சொன்னார். அது தில்லை மரம் என்றும், அதன் பால் பட்ட கண்ணை நல்ல நீரால் ஓயாமல் கழுவ வேண்டும் என்றும், வெட்டுவோர் முகமும் கையும் மூடிக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும் என்றும், எரிக்க மட்டும் வேண்டா, புகையும் கண்ணைக் கெடுக்கும் என்றும் சொல்லியனுப்பினார்.

கதவு மூடப்படாமல் நாள் கடத்தவே பகைவன் தங்கை இப்படிச் சொல்கிறாள் என்று காரி விறகு அடுக்கச் சொன்னார். அடுக்கி முடிந்ததும் வேறொரு ஐயம் பிடித்துக்கொண்டது: தன் சொல்லை நான் நம்பமாட்டேன் என்று அறிந்தே, மரத்தை நான் எரிக்கும்படி தூண்டுகிறாளோ? தீப்பந்தத்தோடு நின்றவனை நிறுத்தினார். பிறரை விட்டுச் சோதிக்கவும் மனம் ஒப்பவில்லை; அவர்கள் பொய் சொன்னால் என்ன செய்வது? ஒரு கண்ணைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, வெற்றுக் குதிரைக்கொட்டிலில் அம்மரத்தின் சிறு கிளையொன்றை எரித்து, அந்தப் புகையில் தாமே நின்றார். கட்டாத கண் தீயாய் எரிந்தது. வெளியே வந்தவர் நங்கை சொன்னபடியே நீரால் கழுவினார். முன்னரே பால் பட்ட வீரர் இருவருக்கும் கழுவச் செய்தார்.

அதன்பின் மரம் நங்கை சொன்ன முறையிலேயே வெட்டப்பட்டுத் தொலைவில் மணலில் புதைக்கப்பட்டது. வேரைக் கல்லோடு பெயர்த்தார்கள். கதவு மூடியது. இரு வீரரும் பார்வை பெற்றனர். காரியின் கண் மட்டும் இன்றும் வெயிலில் கூசுகிறது.

கட்டுப்போட்ட கண்ணோடு நங்கையிடம் சென்ற காரி, பகைவர்க்கு ஏன் உண்மை சொன்னீர் என்று கேட்டார்.

உமக்காகச் சொல்லவில்லை என்றார் நங்கை. "காற்று எங்கள் செம்படவர் தெருப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. குழந்தைகள் இருக்கும் தெரு அது."

அக்கோட்டையில் தாம் கேட்டதும் நம்பிய சொல் அது ஒன்றே என்று காரி நமக்கு எழுதினார். படகோட்டிகளை அன்றே விடுவித்தார். நங்கையின் காவலையும் நீக்குமாறு வேண்டினார்; யாம் இசையவில்லை. அவர் அண்ணன் இன்னும் அகப்படவில்லை.

ஆகவே எயினன் பூதனாரே, தேவியாரின் ஆணை இது. மரத்தின் பெயரையும் அதனால் வரும் கேட்டையும் துறைமக்களிடம் கேட்டறியாமல் கோடரி வையற்க. பெயர் சொன்னவன்மேல் குற்றம் சாராது என்று முரசறைவித்த பின்னரே கேட்க. சொன்னதைத் தாமே சோதித்துக் கொள்க. பிறர் கண்ணை அதற்குக் கருவியாக்கற்க.

இவ்வோலைக்கு இருதலைமான் இலச்சினை இட்டோம். இலச்சினை உடைந்திருக்கக் கண்டால், இதில் எழுதிய எதையும் நம்ப வேண்டா. ஆயினும் மரத்துக்குத் தீ வைக்க வேண்டா.