அப்பாவுக்குப் புதுக் குரல்

பிப்ரவரி 3

இன்று அப்பாவிடம் நான் சொல்லாதது: இந்த மாதக் கடைசியில் உங்கள் பேச்சு நின்றுவிடும்.

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. பழைய பதிப்பு இனி இயங்காதாம். பக்கவாதத்தில் நாக்கு விழுந்ததிலிருந்து அப்பா பேசுவது அந்த சாஃப்ட்வேர் வழியாகத்தான். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நகரும். வேண்டிய எழுத்து வரும்போது, கட்டில் சட்டத்தில் பொருத்திய பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்துவார். வாக்கியம் முடிந்ததும் கம்ப்யூட்டர் அதை ஆண் குரலில் வாசிக்கும், செய்தி வாசிப்பதுபோல.

இன்று வாசித்தது: "சூப்பில் உப்பு இல்லை. வைத்தவளுக்கு மூளை இல்லை."

இதைக் கோப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சூப் ஆறிப்போனது.

பிப்ரவரி 5

புதுப் பதிப்பைப் போட வேண்டுமென்றால் முதலில் விண்டோஸையே புதிதாக ஏற்ற வேண்டும். முயன்றேன். பாதியில் ஒரு பெட்டி: இந்தக் கம்ப்யூட்டரின் ப்ராசஸர் தகுதி பெறவில்லை. காரணம் கிடையாது, மேல்முறையீடு கிடையாது.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா ரிடையர் ஆகும்வரை டிரைவிங் லைசென்ஸுக்கு டெஸ்ட் வைத்த அதிகாரி. "ஊர்ல பாதிப் பேரை ஃபெயில் பண்ணின மனுஷன். இப்ப அவரோட மெஷினை ஃபெயில் பண்ணிட்டாங்களாக்கும்!"

கதவு திறந்துதான் இருந்தது. அவருக்குக் கேட்டிருக்கும்.

பிப்ரவரி 9

அண்ணனுக்குப் போன் செய்து, புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு? திட்டறதுக்கா?"

"அவருக்குப் பேச வேற வழி இல்லண்ணா."

"லூசு. அவர் பேசி நீ என்ன சுகத்தைக் கண்டே? உன் புத்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டாரே, மறந்துட்டியா? டாக்டரே இந்த வருஷம் தாண்டாதுன்னுட்டார். வீடு கொஞ்ச நாள் வீடா இருக்கட்டும், விடு."

மறக்கவில்லை. அட்டைக்கு வேறு விலை என்று அட்டைகளைக் கிழித்துத் தனியாகக் கட்டினார். என்னைத்தான் கயிறு பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

வாயை அடைப்பது என்றால் என்ன என்று இந்த வீட்டில் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதை எப்படி இன்னொருவருக்குச் செய்வது? அவருக்கே ஆனாலும்?

புதிது வாங்க என் சம்பளம் போதாது. ஆபீஸ் லேப்டாப்பில் எதையும் போட முடியாது. இருப்பது அந்தப் பழையது ஒன்றுதான்.

பிப்ரவரி 14

வழி இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 16

பென் டிரைவில் ஒரு ஃபைலில் சில வரிகளை மாற்றினால், ப்ராசஸர் எது என்று பார்க்காமலே இன்ஸ்டால் ஆகிவிடும். வாசலில் நிற்பவரைப் பேச்சில் மயக்கிவிட்டு உள்ளே நுழைவது மாதிரி. ஆனால் இதைச் செய்து பார்த்த ஒருவர் எழுதியிருக்கிறார்: அடுத்த பெரிய அப்டேட்டை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். அதற்கு வேண்டிய ஒரு கட்டளை இந்த ப்ராசஸருக்குத் தெரியவே தெரியாது. இன்ஸ்டாலரை ஏமாற்றலாம், ப்ராசஸரை முடியாது.

மார்ச் 1

நின்றுவிட்டது.

அம்மா பகலில் தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுந்து வந்து, "காதுல இருந்து எதையோ எடுத்துட்ட மாதிரி இருக்குடி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ ஒண்ணும் அவசரப்படாதே. வேலைக்கும் போய்ட்டு இதையும் பார்த்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

அவசரப்படவில்லை. உள்ளே பொத்தான் சத்தம் மட்டும். டிக். டிக்.

மார்ச் 6

இன்று போட்டுவிட்டேன். எல்லாம் ஓடுகிறது. ஒரு பெட்டிகூட மறுக்கவில்லை.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. புதுப் பதிப்பில் நம் மொழிக்கு ஒரே குரல்தான். பெண் குரல். சின்ன வயசுப் பெண்.

அப்பாவின் முதல் வாக்கியம்: "இது எவள் குரல்? மாற்று."

"வேற குரல் இல்லைப்பா."

வெகுநேரம் கோத்தார். அந்தப் பெண் தேன் மாதிரி வாசித்தாள்: "அண்ணனாக இருந்தால் அன்றைக்கே செய்திருப்பான். நீ பிறந்ததே தண்டம்."

அம்மாவுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன். திரையில் அப்டேட் செய்யவா என்று கேட்டால் 'பிறகு' என்பதைத்தான் அழுத்த வேண்டும். நான் எவ்வளவு நிறுத்தி வைத்தாலும் அது வந்து கேட்கிறது.

"மாத்தி அழுத்திட்டா?"

"அப்புறம் கம்ப்யூட்டர் எழுந்திருக்காதும்மா."

"ஓ" என்றாள்.

மார்ச் 12

ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே என் குரல் கேட்டது. "கிழட்டுக் கழுதை, தலையணையை நகர்த்து." ஒரு நொடி நான்தான் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டேன். பேசியது கம்ப்யூட்டர்.

அம்மா சமையலறையில், முதுகைக் காட்டிக்கொண்டு: "உங்கப்பா திட்டினா எனக்குப் பழகிப்போச்சு. இப்ப நீ திட்டற மாதிரி இருக்குடி."

நானே போய்த் தலையணையை நகர்த்தினேன். அம்மாவுக்குப் பதில் சொன்னால் அதே குரலில்தானே சொல்ல வேண்டும்?

மார்ச் 19

திரை கறுப்பு. அணைத்துப் போட்டேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன். எழுந்திருக்கவில்லை.

"என்னமோ கேட்டுச்சு" என்றாள் அம்மா. துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "சரின்னேன்."

"அப்ப அவர் ஏதாவது எழுதிட்டிருந்தாரா?"

"காலையிலேர்ந்து கோத்துக்கிட்டிருந்தார்."

"என்னன்னு?"

"நான் படிக்கலை."

அநேகமாக வசவுதான். அநேகமாக.

அப்பா என்னையே பார்த்தார். டிக். டிக். டிக். அதைத் திரும்ப எழுப்ப எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். போன தடவை செய்ததை அந்தக் கட்டிலில் இருந்தபடியே முழுக்கப் பார்த்தவர்.

மார்ச் 20

பென் டிரைவ் என் கைப்பையில் இருக்கிறது. விடுமுறை நாளில் ஒரு மத்தியானம் போதும்.

"சரி பண்ண முடியுமாடி?" என்று கேட்டாள் அம்மா.

அப்பாவுக்குக் கேட்கும்படி, "முடியாதும்மா, ப்ராசஸர் பழசு" என்றேன்.

அதில் பொய் என்று எந்த வார்த்தையைச் சொல்வது? முதல் வார்த்தையை.

மார்ச் 28

விடுமுறை. முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். நல்ல நாவல். நடுவில் அந்தச் சத்தம் கேட்டது, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 17

பொத்தானை அழுத்துவதை நிறுத்திவிட்டார்.

ஜூலை 11

அப்பா நேற்றுக் காலை காலமானார். அண்ணன் வந்துவிட்டான். பக்கத்து வீட்டு மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

"அவரால பேச முடியாதே" என்றாள் அம்மா.

மாமி என்னைப் பார்த்தார். நானும் அதையே சொன்னேன்.