படத்தில் காட்டியபடி

புதுப் புத்தகத்தின் மணம் எனக்கு எப்போதும் பிடிக்கும், மிஸ்ஸி. முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவள் நான். தை மாதம் பாடப் புத்தகப் பெட்டியை உடைத்தால், பிள்ளைகளுக்குக் கொடுக்க முதல் ஒன்றை விரித்து முகர்ந்து பார்க்காமல் விட்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை முதல் தடவையாக அந்த மணம் எனக்குக் குமட்டியது.

பிரஷர் குளிசை எடுக்கக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். மர வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பயிற்சிக்கு வந்த ஓர் இளம் தாதி கட்டுக் கட்டாகப் புத்தகங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பிள்ளை.

"பாருங்கோ ரீச்சர், எங்களுக்கு வந்த புதுப் புத்தகம். வடிவா அடிச்சிருக்கினம்" என்று ஒன்றைத் தந்தாள்.

நாட்பட்ட நெஞ்சு நோயாளரைப் பராமரிக்கும் சுகாதார ஊழியருக்கான கைநூல். நீங்களும் நானும் எழுதியது, மிஸ்ஸி. மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். மட்டை மாறியிருக்கிறது, கடதாசி மினுங்குகிறது. பதினோராம் பக்கத்தைத் திருப்பினேன். அதே படம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் நெஞ்சுவரை போர்த்திக்கொண்டு மல்லாந்து படுத்திருக்கிறான். பக்கத்தில் ஒரு தாதி சிரித்தபடி நிற்கிறாள். கீழே நான் எழுதிய வசனம்: 'மூச்சுத் திணறல் கூடும்போது நோயாளியைப் படத்தில் காட்டியபடி வைக்கவும்.'

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் போனது நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அப்படி நினைத்ததற்காக என்மேலேயே வெறுப்பு வந்தது.

நீங்கள் முதன்முதலில் என் வகுப்பறை வாசலில் வந்து நின்றது ஒரு பின்னேரம். தாதிச் சீருடை, கையில் ஒரு கொப்பி.

"ரீச்சர், இதை ஒருக்காத் தமிழாக்கித் தரோணும்."

வாங்கிப் பார்த்தேன். "தமிழிலதானே எழுதியிருக்கிறியள்?"

"ஓம். ஆனா ஒருத்தருக்கும் விளங்காத தமிழ்."

அப்போது உங்கள் வார்ட்டில் இருந்த ஒரேயொரு நெஞ்சு நோய்ப் புத்தகம் இங்கிலீசில் இருந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தீர்கள். மூடுபனி நாளில் நோயாளி வெளியே போகக் கூடாதாம். படுக்கையறையில் கணப்பு எரிய வேண்டுமாம். திருகோணமலைச் சித்திரை வெயிலில் வேர்த்து வழிந்துகொண்டு அதைக் கேட்டேன். சயரோகத்துக்கென்றால் சுவரெல்லாம் சுவரொட்டி, வீடுவீடாக ஆள். உங்கள் நோயாளிகளுக்கு அது இல்லை. துறைமுகத்தில் மாவும் சீமெந்தும் இறக்கி இறக்கி நெஞ்சு அடைத்தவர்கள், விறகுப் புகைக்குள் நாற்பது வருடம் சமைத்த பெண்கள், சுருட்டை விடமுடியாத கிழவர்கள். சளியைச் சோதித்துச் சயரோகம் இல்லையென்று வந்தால் நோய் வருத்தமே இல்லையென்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தூரத்து மருந்துச்சாலைகளில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சருக்கும் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுக்கும் இவர்களை என்ன செய்வதென்று சொல்லிக்கொடுக்க ஒரு தாள்கூட இல்லை. அதைத்தான் நீங்கள் எழுதத் தொடங்கியிருந்தீர்கள்.

முதல் வசனத்திலேயே நான் தடுக்கி விழுந்தேன். 'வெளிமூச்சுத் தடையால் எஞ்சிய வளி மிகும்.' இதென்ன என்று கேட்டேன். இந்த நோய்க்காரருக்குக் காற்றை இழுக்கிறது பெரிய கரைச்சல் இல்லை, உள்ளே போனதை வெளியே விடுவதுதான் கரைச்சல் என்றீர்கள். எனக்குக் கந்தளாய் பஸ் ஞாபகம் வந்தது. இறங்குகிறவர்களை இறங்க விடாமல் ஏறுகிறவர்கள் வாசலை அடைத்தால், பஸ் நிறைய ஆள் இருந்தும் ஒருவரும் நகர ஏலாது. முதலில் இறங்க விட வேண்டும், மெதுவாக, முழுதாக.

"இதை அப்பிடியே எழுதுங்கோ ரீச்சர்" என்றீர்கள். "கொண்டக்டர் மாதிரி நிக்கச் சொல்லுங்கோ எங்கட ஆக்களை."

அப்படித்தான் அந்தப் புத்தகம் வளர்ந்தது. சளிக் கோப்பையைக் கழுவ முதல் உள்ளே எட்டிப் பார், நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் அன்றைக்கே டொக்டருக்குச் சொல் என்று ஒரு பக்கம். குசினிக்குப் புகைபோக்கி வைக்கச் சொல்வது எப்படியென்று ஒரு பக்கம். பதினோராம் பக்கத்துக்கு மீராசா காக்கா வந்தார்.

கிண்ணியா மனிதர், அந்த ஊர் வழக்கில் எல்லோருக்கும் காக்கா, மூத்த அண்ணன். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவரை நான் அறிய முதலே அவருடைய கதையை நீங்கள் எனக்குச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் வார்ட்டில் ஒரு வழக்கம்: பெரிய டொக்டர் சுற்றி வரும் நேரம் எல்லா நோயாளியும் நேராகப் படுத்து, விரிப்பு நெஞ்சுவரை இழுத்து, சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும். கட்டில் வரிசை பாடசாலைக் கண்காட்சி மாதிரித் தெரிய வேண்டும். மீராசா காக்கா கட்டில் விளிம்பில் குந்தி, முன்னுக்குச் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அட்டென்டன்ட் அவரைப் பிடித்துப் படுக்க வைத்தார். சொண்டு, மேலுதடும் கீழுதடும், நீலம் பாரித்தது. நீங்கள் ஓடிப்போய் நிமிர்த்தி, சின்ன மேசையை இழுத்து, தலையணையைப் போட்டு அதில் சாய வைத்தீர்கள்.

"இது வார்டோ, தேத்தண்ணிக் கடையோ?" என்று மேட்ரன் கேட்டாவாம்.

"மூச்சு விடுற இடம், மேடம்" என்று சொன்னீர்களாம்.

அந்த மனிதர்தான் நான் படம் வரைய ஒரு மணித்தியாலம் என் முன்னால் இருந்து காட்டினார். இடுப்பில் சாரம் மட்டும், மேல்சட்டை இல்லை. விலா எலும்பெல்லாம் தெரிய வேண்டும், அப்போதுதான் படிக்கிறவர்கள் எந்தத் தசை வேலை செய்கிறதென்று பார்ப்பார்கள் என்றீர்கள். சொண்டைக் குவித்து, சுடுதண்ணி ஆற்றுவதுபோல மெல்ல ஊதிக் காட்டினார்.

"மகள், என்ட மூக்கைக் கொஞ்சம் நேராக் கீறுங்க" என்றார் என்னிடம். "ஊரெல்லாம் பாக்கப் போகுது."

ரோனியோ நகல் யந்திரத்தில் அடித்து, கையால் தைத்து, முப்பது நாற்பது பிரதி கொடுத்தோம். இறக்கக்கண்டிப் பக்கத்து மருத்துவமாது ஒருத்தி, இப்போதுதான் தன் மாமியின் வருத்தம் தனக்கு விளங்கியது என்று எழுதியிருந்தா. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மேலிடத்துக் கந்தோர் அதிகாரிகள் அதைக் கண்டார்கள். ஒழுங்காக அச்சடித்து எல்லா மருந்துச்சாலைக்கும் அனுப்பப் போகிறோம் என்றார்கள். எங்களுக்கு வந்த சந்தோசம்.

அந்தக் கூட்டம் ஞாபகமா? நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு, தட்டுகளில் பற்றீஸ். தலைமை வகித்தவர் சளிக் கோப்பைப் பக்கத்தைப் பார்த்துக் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினார்.

"தின்னுற நேரத்தில என்ன கதை மிஸ்ஸி இது? எடுத்துப் போடுங்கோ."

"சேர், அதைப் பாக்காட்டி வருத்தம் முத்தினது தெரியாது."

"அதெல்லாம் அருவருப்பு. அரசாங்கப் புத்தகம் இது." மீராசா காக்காவின் படத்தைத் தூக்கிப் பிடித்தார். "இதாரு, சட்டையுமில்லாமல்? குந்தியிருக்கிற விதத்தைப் பாருங்கோ. நாலு பேர் பாக்கிற புத்தகத்தில ஒரு ஒழுங்கு வேண்டாமோ?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் விரல்களை நக்கியபடி சிரித்தார். இத்தனை வருடம் போயும் அந்த விரல்கள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சளி எனக்கு அருவருப்பாக இருந்ததில்லை, மிஸ்ஸி. உங்களோடு வார்ட்டில் நின்று கோப்பைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். அது ஒரு மனிதனின் நெஞ்சு படும் பாடு. அருவருப்பு என்றால் எனக்கு அந்த மேசைதான்.

சட்டை போட்டு வரையலாம், ஆனால் இருக்கும் விதத்தை மாற்றக் கூடாது என்று நீங்கள் மன்றாடினீர்கள். சரி, சரி என்றார்கள்.

அச்சுப் புத்தகம் வந்து நாலைந்து மாதத்தில் மீராசா காக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் அவருக்கு மூச்சு முட்டுக் கூடியது. எந்த ஊர் என்று எழுத மாட்டேன், அங்கிருந்தவர்கள்மேல் பிழையில்லை. மருந்துச்சாலையில் புதிதாக வந்த பொடியன் பயந்து, அலுமாரியில் இருந்த புத்தகத்தை எடுத்து, பதினோராம் பக்கத்தைப் பார்த்து, அதில் உள்ளபடியே மல்லாத்திப் படுக்க வைத்திருக்கிறான். அவருடைய மனைவி பிறகு பாதைப் படகில் துறை கடந்து உங்களைத் தேடி வந்து சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இருத்தி வெய்யுங்க வாப்பா, அவர் இருந்துதான் மூச்செடுப்பார் எண்டு சொன்னன். புத்தகத்தில இப்படித்தான் ஈக்கிது எண்டு காட்டினான். நான் படிக்காதவ. என்ன சொல்ல?"

அவாவைத் துறைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தீர்கள். "படுக்க வைச்சதாலதான் செத்தார் எண்டு என்னால சத்தியம் பண்ண ஏலாது, ரீச்சர்" என்றீர்கள். "நெஞ்சு நல்லா முத்தியிருந்தது. ஆனா அந்த மனுசன் குந்தியிருந்தபடி செத்திருக்கலாம்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "அச்சுப் பிழை பாக்க உங்களிட்டத்தானே அனுப்பினவை. படம் இருந்ததோ அதில?"

"இல்லை" என்றேன். "எழுத்து மட்டும்தான் வந்தது."

படம் இருந்தது, மிஸ்ஸி. இதைச் சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன். முழுப் பக்கமாக, இன்றைக்கு இருக்கிற மாதிரியே இருந்தது. நான் சிவப்புப் பேனையோடு இருந்து விடுபட்ட புள்ளிகளைத் தேடினேன், காற்புள்ளிகளைத் திருத்தினேன். முன்னுரையில் என் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். படத்தையும் பார்த்தேன். வடிவாக இருக்கிறது, துப்புரவாக இருக்கிறது என்று நினைத்தேன். 'சரி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஒரு மணித்தியாலம் அந்த மனிதரை என் முன்னால் இருத்தி வரைந்தவள், வெள்ளை விரிப்பைக் கண்டதும் அவரை மறந்துபோனேன். பற்றீஸ் தின்றவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நீங்கள் என் பதிலை நம்பினீர்களா? தெரியாது. அடுத்த ஞாயிறே பாலையூற்றில் உங்கள் வீட்டுக் குசினியில் மாப்பசை கிண்டினோம். பழைய படத்தை ரோனியோவில் எடுத்து, ஊர் ஊராக பஸ்ஸில் போய், பதினோராம் பக்கத்தில் ஒட்டினோம். கந்தளாயில் ஒரு டிஸ்பென்சர், "என்ன ரீச்சர், எலெக்சனுக்கோ ஒட்டுறியள்?" என்று கேட்டார். நான் ஒட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பேன். நீங்கள் அடுத்த பிரதியை நீட்டுவீர்கள்.

அரச பிரசுரத்தைச் சேதப்படுத்தியதாக உங்களுக்குக் கடிதம் வந்தது. பிறகு தூரத்துக்கு இடமாற்றம். சாக்குகளில் சாமான் கட்டும்போது, "சேதம் எண்டா என்னெண்டு அவைக்கும் தெரியுது, பாத்தியளே" என்று சிரித்தீர்கள். இடமாற்றக் கடிதம் என் பெயருக்கும் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ, முன்னுரையில் பெயர் வந்ததற்காகப் பாடசாலையில் ஒரு பூமாலை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அந்தத் தாதிப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உங்களிடம் சொல்லாததையும். பயந்துபோய்ப் படத்தைப் பார்த்தாள்.

"அப்ப எப்பிடி ரீச்சர் வைக்கிறது?"

வாயால் சொல்லத் தொடங்கினேன், சரிவரவில்லை. மருந்துத் தட்டு வைத்திருந்த சின்ன மேசையை இழுத்தேன். என் பையை அதன்மேல் வைத்தேன். முன்னுக்குச் சாய்ந்து, முழங்கைகளை ஊன்றி, தோளைத் தளர்த்தி, சொண்டைக் குவித்து மெல்ல ஊதினேன். மீராசா காக்கா இருந்த அதே இருப்பு. அவள் குனிந்து என் விலாப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தாள்.

கிளினிக்கில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அட்டென்டன்ட் ஒருவர் ஓடி வந்தார்.

"அம்மாக்கு ஏலாம வந்திட்டுது. பிடியுங்கோ, பிடியுங்கோ, படுக்க வைப்பம்." என் தோளைப் பிடித்து வாங்கில் சரித்தார். நல்ல மனிதர்.

அந்தப் பிள்ளை அவருடைய கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ அண்ணை. அவ குந்தி இருக்கட்டும்."

அதைக் கேட்ட பிறகும் நான் சரிந்த இடத்திலிருந்து உடனே எழும்பவில்லை, மிஸ்ஸி. மீராசா காக்கா எனக்குக் காட்டித் தந்ததை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டேன். உங்களிடம் சொன்ன பொய்யை ஒப்புக்கொடுக்க நீங்கள் இல்லை. அது என்னோடுதான் இருக்கிறது.