தொப்பி இல்லாத முகம்

என் தனக்கொடிக்கு,

எங்கே இருந்தாலும் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொடு. குழாயடியில் நீ என் குடத்தை உருட்டிவிட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. அது ஓரகத்திகளான நமக்குள் இருக்கட்டும். உன்னை நான் திட்டலாம். இன்னொருத்தர் கேவலப்படுத்தினால் விடுவேனா?

மந்தாரக்குப்பத்தில் நாம் பலாச்சுளை விற்றபோது ஒரு தொப்பிக்கார அதிகாரி வந்து படமெடுத்தாரே. நான் வெற்றிலை மடித்து நீட்டினேன், நீ வாங்கக் கை நீட்டினாய். என்னையும் வெற்றிலையையும் பலாப்பழத்தையும் வெட்டிவிட்டு, உன் முகத்தையும் கையையும் மட்டும் பெரிதாக்கி சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப் கண்காட்சியில் மாட்டினார். கீழே 'பசி' என்று எழுதினார். பரிசும் வாங்கினார்.

அதைப் பார்த்துவிட்டு வந்த உன் திருவதிகைச் சம்பந்தி என்ன கேட்டார்? "ஏம்மா, சோத்துக்கு இல்லன்னா எங்ககிட்ட சொல்லக் கூடாதா? டவுன்ஷிப்ல கையேந்திக்கினு நிக்கிறீங்களே!" அதற்குப் பிறகு நீ மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பேத்தியின் காதுகுத்துக்கும் போகவில்லை. அந்த ரோஷத்தோடே போய்ச் சேர்ந்தாய்.

உன் காரியம் முடிந்ததும் அதிகாரியிடம் போய்க் கேட்டேன். "அது கலைம்மா, உங்களுக்குப் புரியாது" என்றார். புரிந்துகொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மருமகளின் போனில் படமெடுக்கப் பழகினேன். முதலில் என் கட்டைவிரல்தான் விழுந்தது. "அத்தே, சிரின்னு சொல்லாதீங்க, பேசவுட்டு எடுங்க" என்றாள். வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழவேண்டும், கிட்டே போகவேண்டும் என்பதெல்லாம் எடுத்து எடுத்துத் தெரிந்தது. எதை வெட்டுவது என்பதை மட்டும் அந்த அதிகாரியிடம் படித்தேன்.

ஒருநாள் கோயிலில் அந்த அதிகாரி சுண்டலுக்குக் கை நீட்டினார். தலையில் தொப்பி இல்லை, வாய் பாதி திறந்திருந்தது. எடுத்தேன். சுண்டலை வெட்டினேன், கொடுத்தவரை வெட்டினேன், பக்கத்தில் நின்ற பட்டுப்புடவைப் பெண்டாட்டியையும் வெட்டினேன். அடுத்த கண்காட்சிக்குக் கொடுத்தேன். படத்தை வாங்கி மாட்டியவர்களுக்கு அந்த வழுக்கைத் தலை யாரென்று தெரியவில்லை. பெயர் 'பசி'.

கண்காட்சிக்கு அவரும் வந்தார். "சார், இது நீங்கதானே?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள்.

"யார் எடுத்தது? கழட்டுங்க!"

"நான்தாங்க. கலைங்க. உங்களுக்குப் புரியாதுங்க."

கூட்டம் சிரித்தது. "நான் சுண்டல்தானேம்மா வாங்கினேன்?"

"அவளும் வெத்தலதாங்க வாங்குனா."

அவர் முகம் செத்துப்போனது. அதை நீ பார்த்திருக்க வேண்டும், தனம். உன் வெட்டாத படத்தை எடுத்துக்கொண்டு திருவதிகைக்கு வந்தால் கழற்றுகிறேன் என்றேன். வந்தார். உன் சம்பந்தியின் முன்னால் வைத்தார். அதில் நீ, நான், பலாப்பழம், வெற்றிலை எல்லாம் இருந்தது. உன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சம்பந்தி தலை குனிந்தார்.

ஜன்னல் வெளிச்சம் அதிகாரியின் கன்னத்தில் நன்றாக விழுந்தது. நான் போனை எடுத்தேன். "வேணாம்மா" என்றார். கிட்டே போய் எடுத்தேன்.

அதில் அவரோடு உன் முழுப் படமும் விழுந்திருக்கிறது, எதையும் வெட்டப் போவதில்லை. அடுத்த கண்காட்சியில், வாசலுக்கு நேரே அதை மாட்டவைப்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னோடு ஒரே வீட்டுக்கு வாழவந்த,
உன் மூத்த ஓரகத்தி அஞ்சலை