கொழுகொழு மருதாசலம்

8.2.1982
காவிரிப் பக்கமிருந்து வந்த பனியில் கரும்புக் காடு மிதந்தது. பால்வாடிக்கு நடந்த நானும் மிதந்தேன். பயிற்சியில் கொடுத்த மூன்று நிற அளவு நாடா பையில் இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மேல்கையைச் சுற்றி அளக்க வேண்டும். பச்சை நலம், மஞ்சள் கவனம், சிவப்பு ஆபத்து.

9.2.1982
இருபத்திரண்டு பிள்ளைகள். நான்கு மஞ்சள். கூச்சம் தாங்காமல் எல்லாம் நெளிந்து சிரிக்கின்றன.

11.2.1982
தங்கசாமி பண்ணையத்துக்குப் போனேன். பால்வாடிக் கட்டடம் அவருடையது. "எம் பையனுக்கு எதுக்குங்க டீச்சர் நாடா? கொழுகொழுன்னு இருக்கான் பாருங்க" என்று சிரித்தாள் அவர் மனைவி சௌந்திரம்.
மூன்று வயது மருதாசலம். கன்னம் உப்பல். மேல்கையோ மஞ்சள். பாதத்தை அழுத்தினேன் – குழி விழுந்தது, நிரம்பவே இல்லை. அது சதையல்ல, நீர்.
"அம்மை எறங்குனதிலிருந்து மூணு மாசமா ஜவ்வரிசிக் கஞ்சிதானுங்க. வேற எதும் ஆகாதுன்னாங்க."
ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். ஏன்? கட்டடத்துக்காகவா?

12.2.1982
விடியலில் கனவு. பிள்ளைகள் பஞ்சுபோல ஆற்றின் மேல் போகிறார்கள். ஒருவன் மட்டும் தாழ்ந்து கொண்டே போகிறான். எழுந்ததும் நேரே பண்ணையத்துக்குப் போய், பிள்ளையின் உப்பல் சத்துக் குறைவால் கோத்த நீர் என்று சொன்னேன்.
"எங்க ஊட்டுல சோத்துக்கா பஞ்சம்?" தங்கசாமிக்கு முகம் சிவந்துவிட்டது.
"பஞ்சமில்லீங்க. பருப்பு, பாலு, முட்டை எதுவும் பிள்ளை வயித்துக்குப் போகலீங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க."
"நாளையிலிருந்து பால்வாடிக்கு வேற எடம் பாத்துக்குங்க."
சௌந்திரம் மெல்லக் குனிந்து மகன் பாதத்தில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

13.2.1982
பஸ் நிற்கிற இடத்தில் சௌந்திரம், இடுப்பில் பிள்ளை. "அவருகிட்டச் சொல்லலீங்க. நாமக்கல்லுக்கு நீங்களும் வாங்க டீச்சர், தனியாப் போக பயமா இருக்குது."
போனேன். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

15.2.1982
வேப்பமரத்தடியில் பால்வாடி. பாட்டு நடுவே காற்று இலைகளைக் கொட்டுகிறது.

24.2.1982
ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீர் வடிந்து மருதாசலம் எலும்பாகக் கிடக்கிறான். "இவந்தானுங்களா எம் பையன்?" என்று சௌந்திரம் என் தோளில் சாய்ந்து அழுதாள். இனிமேல்தான் தேறுவான் என்றாராம் டாக்டர். நம்பினேனா? தெரியவில்லை. தங்கசாமி வராந்தாவில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கையில் முட்டைப் பொட்டலம்.

5.4.1982
கட்டடம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. மரத்தடியில் இன்று பெரிய சண்டை. மருதாசலம் பக்கத்துப் பிள்ளையின் கடலை உருண்டையைப் பிடுங்கிக்கொண்டு, கத்திச் சிரித்தபடி கரும்புக் காட்டுப் பக்கம் ஓடுகிறான். அதட்டியிருக்க வேண்டும். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.